மூன்றாம் வகுப்பின் ஒரு நாள்: பருவத்தின் நடுவில் கால அட்டவணையை மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்றாம் வகுப்பு, 31 பிள்ளைகள். பெரும்பாலும் எட்டு வயதுக்காரர்கள். நான் அவர்களின் வகுப்பாசிரியை. விளையாட்டு, இசை, கணினி தவிர மற்ற எல்லாப் பாடங்களையும் நானே எடுக்கிறேன். பள்ளி காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது, அதாவது 390 நிமிடங்கள். மதிய இடைவேளை 45 நிமிடம், சின்ன இடைவேளை இரண்டும் தலா 15. அவை போக 315 நிமிடங்கள் கையில் இருக்கும். அந்த 315-ஐ நான் முதலில் எப்படிப் பிரித்தேன், அது எங்கே பிசகியது, எட்டாவது வாரத்தில் என்ன மாற்றினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடி விவரங்களைக் குறைத்திருக்கிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் நான் போட்டது எல்லோரும் போடுகிற அட்டவணைதான். வருகைப்பதிவுக்கு 20 நிமிடம், 40 நிமிடப் பிரிவேளைகள் ஏழு, கடைசியில் பை அடுக்க 15 நிமிடம். முதல் இரண்டு பிரிவேளை மொழிப்பாடம். அடுத்த இரண்டில் அறிவியலும் சமூகவியலும். செவ்வாய், வியாழன் மட்டும் நான்காவது பிரிவேளை விளையாட்டுக்கு. ஆறாவதில் ஓவியம், இசை, நூலகம், கணினி. ஏழாவது சுயபடிப்பு. மிச்சமாக நின்றது மதியம் 1 மணிக்கு வரும் ஐந்தாவது பிரிவேளை. கணிதத்தை அங்கே வைத்தேன். யோசித்து வைத்த இடம் அல்ல, கட்டங்களை இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு வந்தபோது காலியாக இருந்த இடம்.

ஐந்து வாரம் முடிந்தபோது கணிதத்தில் திட்டத்தைவிட ஒன்பது பிரிவேளை பின்தங்கியிருந்தோம். அறிவியல் செயல்பாடுகள் பாதியிலேயே மணி அடித்து நின்றன. இரண்டாவது இடைவேளைக்குப் பிறகு வகுப்பில் தினமும் ஏதாவது ஒரு சண்டை. 'இந்த வருடப் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவானவர்கள், கொஞ்சம் குறும்பும்கூட' என்று ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். அந்த முடிவு தவறு. அதை எழுதி வைக்க வேண்டும் என்பதும் இந்தப் பதிவுக்கு ஒரு காரணம்.

கவனித்தவை

ஆறாவது வாரத்தில், எனக்கு மூத்த ஒரு சக ஆசிரியை தன் ஓய்வுப் பிரிவேளைகளில் வந்து பின்வரிசையில் உட்கார ஒப்புக்கொண்டார். மூன்று நாள் வந்தார். ஒரு விஷயத்தை மட்டும் குறித்தார்: எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது. அவர் வராத நேரங்களில் நானே மேஜையில் ஒரு சீட்டு வைத்துக் குறித்தேன். 'பாடம் எப்படி எடுத்தாய் என்று நான் பார்க்கப் போவதில்லை, கடிகாரத்தை மட்டும் பார்க்கிறேன்' என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இல்லாவிட்டால் அந்த மூன்று நாளும் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டிருப்பேன்.

கணிதப் பிரிவேளையில் பிள்ளைகள் உண்மையில் கணக்குச் செய்த நேரம் சராசரியாக 26 நிமிடம். மதிய இடைவேளை முடிந்து கை கழுவி, தண்ணீர் குடித்து, வெளியே தொடங்கிய வாக்குவாதத்தை என்னிடம் கொண்டுவந்து தீர்ப்புக் கேட்டு, எல்லோரும் உட்கார 1.08 ஆகிவிடும். நோட்டு விநியோகத்துக்கு மூன்று நான்கு நிமிடம். முடிவில் நோட்டைத் திரும்ப வாங்க இரண்டு நிமிடம். சக ஆசிரியை ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார்: தினமும் 14 நிமிடம், 25 நாளைக்கு 350 நிமிடம், கிட்டத்தட்ட ஒன்பது பிரிவேளை. நாங்கள் பின்தங்கியிருந்ததும் அதே ஒன்பதுதான். பிள்ளைகள் மெதுவானவர்கள் இல்லை. அட்டவணை தருவதாகச் சொன்ன நேரம் அவர்கள் கைக்கு வந்து சேரவே இல்லை.

மற்றப் பிரிவேளைகளிலும் ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற நான்கு முதல் ஏழு நிமிடம் போனது. வகுப்பறை ஒழுங்கைப் பற்றி 1970-ல் ஜேக்கப் கூனின் எழுதியவை இந்த இடத்தில் நினைவுக்கு வந்தன. வகுப்புக் காட்சிகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தவர் அவர். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பது பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. பாடம் தடங்கலில்லாமல் ஓடுகிறதா, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது சீராக இருக்கிறதா என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது என்பது அவர் கண்டது. பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். என் வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை முறை மாறுகிறோம் என்று மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை.

காலை 20 நிமிடமும் அப்படித்தான். நான் வருகைப்பதிவு எடுப்பேன், பெற்றோர் கொடுத்தனுப்பிய சீட்டுகளை வாங்குவேன். அதுவரை 31 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெளிவாக, பேச ஆர்வமாக இருக்கும் நேரத்தை 'பேசாதே' என்று சொல்லியே கழித்திருக்கிறேன்.

இவை கடிகாரம் காட்டியவை. இன்னும் மூன்று விஷயங்களைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு பையன் காலையிலிருந்து மதியத்துக்குள் 14 முறை 'அடுத்து என்ன டீச்சர்?' என்று கேட்டான். சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தது, ஆனால் என் கண் உயரத்தில், பாடப் பெயரும் மணியும் மட்டும் இருக்கிற சின்ன எழுத்தில். கடிகாரம் பார்க்க இன்னும் பழகாத பிள்ளைக்கு அது எதையும் சொல்லாது. பாடம் திடீரென மாறினால் அவன் மேஜைக்கு அடியில் போய்விடுவான்.

ஒரு சிறுமிக்கு வாசிப்பு தடுமாறும். அவளையும் வேறு நான்கு பேரையும் வாசிப்புக்கு உதவும் ஆசிரியை திங்கள், வியாழன் ஆறாவது பிரிவேளையில் அழைத்துப் போவார். அந்த இரண்டு நாளும் அந்த நேரம் ஓவியம். அவளுக்கு நன்றாக வருகிற ஒரே பாடம், மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று பார்க்கிற ஒரே நேரம். அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசிரியை வரும் நேரமாகப் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விடுவாள். அதைத் தட்டிக்கழிப்பது என்று நான் குறித்து வைத்திருந்தேன்.

மூன்றாவது, என் தவறு. கணக்கை முடிக்காதவர்களை 2.20 இடைவேளையில் வகுப்பிலேயே உட்கார வைத்து முடிக்கச் சொல்வேன். தினமும் நான்கைந்து பேர், பெரும்பாலும் அதே முகங்கள். அப்புறம் 2.35-க்குச் சண்டை தொடங்குவதும் அவர்களிடமிருந்துதான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று சக ஆசிரியையின் குறிப்பைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றவில்லை. தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ பிள்ளைகளின் இடைவேளையைப் பறிக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தெரிந்திருந்தும் செய்தேன், ஏனென்றால் வேறு நேரம் இல்லை என்று நம்பினேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏழாவது வாரம் முழுக்கத் தாளும் பென்சிலுமாகப் போனது. இந்த முறை பாடத்தில் தொடங்காமல், அசைக்க முடியாதவற்றை முதலில் குறித்தோம். மூன்று இடைவேளைகளும் பள்ளி முழுமைக்கும் பொது, அவற்றைத் தொட முடியாது. விளையாட்டு ஆசிரியரின் செவ்வாய், வியாழன் நேரம் மாறாது. வெள்ளிக்கிழமை 1.40-க்குக் கணினி அறை, அதுவும் மாறாது. இசையையும் நூலகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். இவ்வளவையும் குறித்த பிறகு நாள் தானாகவே நான்கு துண்டுகளாக நின்றது: காலையில் 100 நிமிடம், அடுத்து 80, மதியம் 80, கடைசியில் 55. ஏழு கட்டம் என்று பார்த்தபோது தெரியாதது நான்கு துண்டு என்று பார்த்தபோது தெரிந்தது. ஒரு துண்டுக்குள் பாடங்களைக் குறைத்தால் மாறுதல்களும் குறையும்.

காலைத் துண்டில் முதல் 15 நிமிடம் வருகை வேலை. பிள்ளை உள்ளே வந்ததும் பலகையில் மூன்று கேள்விகள் இருக்கும். எதுவும் புதியது அல்ல. ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது நினைவில் தங்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். சுயபடிப்புப் பிரிவேளை செய்ய வேண்டிய வேலை அதுதான், ஆனால் நடைமுறையில் அது வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதும் நேரமாகிவிட்டது. அதனால் சுயபடிப்பை எடுத்துவிட்டோம். பிள்ளைகள் எழுதும்போது நான் வருகைப்பதிவை முடித்துவிடுவேன். அப்புறம் ஐந்து நிமிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேச்சு.

9.20 முதல் 10.10 வரை கணிதம், தினமும் 50 நிமிடம். கணிதத்தைக் காலைக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் ஏதோ ஒரு ஆய்வு என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. டென்மார்க்கில் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு: நாள் போகப் போக மதிப்பெண் சற்றுக் குறைகிறது, இடைவேளைக்குப் பின் உயர்கிறது, மதிப்பெண் குறைவாக எடுக்கும் பிள்ளைகளிடம் இடைவேளையின் பலன் கூடுதலாகத் தெரிகிறது. அதை வைத்து மதிய இடைவேளைக்குப் பிறகும் கணிதம் நன்றாக ஓடும் என்று யாராவது வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் இடம் மாற்றியதற்குக் காரணம் எளியது. காலையில் பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள், கணித நோட்டு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 14 நிமிடத்தில் பெரும்பகுதி அங்கேயே மிச்சமாகும்.

10.10 முதல் 10.40 வரை 'முடிக்கும் நேரம்' என்று பெயர் வைத்தோம். முடிக்காதவர்கள் முடிக்கலாம், முடித்தவர்கள் வாசிக்கலாம், நான் நான்கைந்து பேரை மட்டும் பக்கத்தில் அழைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். வாசிப்பு ஆசிரியை அந்த ஐந்து பேரை இந்த நேரத்தில் அழைத்துப் போக முடியுமா என்று கேட்டேன். திங்கள் அவருக்கு வேறு வகுப்பு. வியாழனும் வெள்ளியும் முடியும் என்றார். போதும். ஓவியம் கடைசித் துண்டுக்குப் போனது. இசையும் நூலகமும் அதே துண்டுக்குப் போயின, அந்த ஆசிரியர்கள் மறுப்பில்லாமல் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது துண்டு மொழிக்கு: திங்கள், புதன், வெள்ளி 80 நிமிடம், விளையாட்டு நாட்களில் 40. மதியம் 1 மணிக்குப் பாடம் இல்லை. 15 நிமிடம் நான் கதை வாசிப்பேன், அவர்கள் கேட்டால் போதும். மேஜையில் தலை சாய்த்தும் கேட்கலாம். வாக்குவாதத் தீர்ப்புகள் எல்லாம் வாசிப்பு முடிந்த பிறகுதான். அதன் பின் 65 நிமிடம் அறிவியல் அல்லது சமூகவியல், வெள்ளியன்று மட்டும் வரிசை மாறும். யாருடைய இடைவேளையையும் எந்தக் காரணத்துக்காகவும் எடுப்பதில்லை என்று முடிவு செய்து, அதைப் பிள்ளைகளிடமே சொன்னேன். சொல்லிவிட்டால் மீற முடியாது.

தலைமை ஆசிரியருக்கு ஒரு கேள்வி இருந்தது: மொழிப்பாடம் வாரத்துக்கு 400 நிமிடத்திலிருந்து 320 ஆகிறதே? நியாயமான கேள்வி. மதிய வாசிப்பின் 75-ஐச் சேர்த்தால் 395 வரும் என்று காட்டினேன். கதை கேட்பது மொழிப்பாடமா என்பதில் அவருக்கு முழு உடன்பாடு இல்லை. பருவ முடிவில் எழுத்து வேலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

அந்தப் பையனுக்காகப் படங்களால் ஆன பட்டை ஒன்றைச் செய்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம், பிள்ளைகளின் கண் உயரத்தில், நகர்த்துவதற்கு ஒரு கிளிப். படங்களால் நாளைக் காட்டும் இந்த முறையை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக, 1970-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவான டீச் என்ற திட்டம் பரவலாக்கியது. அவனுக்கு அப்படி எந்த மருத்துவ முடிவும் இல்லை, அதைத் தேடவும் நாங்கள் போகவில்லை. அடுத்து என்ன என்று தெரிந்தால் நிம்மதி என்பது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

நடந்தவை

எட்டாவது வாரம் திங்கள்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினோம். முதல் வாரம் கடினமாகவே இருந்தது. வருகை வேலை என்றால் என்ன என்று புரியாமல் என் மேஜை முன் வரிசை நின்றது. நோட்டு எங்கே, பென்சில் எங்கே, தேதி போடணுமா டீச்சர்? நான் வேலையை யோசித்தேன், அதைச் செய்யும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். மறு வாரம் முதல் இரண்டு நாள் வருகை வேலையில் கேள்வியே இல்லை. உள்ளே வருவது, நோட்டை எடுப்பது, உட்காருவது, தேதி எழுதுவது, இவ்வளவுதான் பயிற்சி. மாலையில் முறை வைத்து இரண்டு பேர் அடுத்த நாளுக்கான நோட்டுகளை இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். பத்தாவது வாரத்தில் 9.05-க்கு வகுப்பு எழுதிக்கொண்டிருந்தது.

80 நிமிட மொழிப்பாடம் நீளம் அதிகம். ஏறத்தாழ 35-வது நிமிடத்தில் சலசலப்பு ஏறியது. நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து அசைவதற்கு விட்டு, வாசிப்பை முன்பாதியிலும் எழுத்தைப் பின்பாதியிலும் வைத்தோம். முதல் முறையாகப் பிள்ளைகள் ஒரு பத்தியை எழுதி, அதே உட்காரலில் திருத்தவும் நேரம் கிடைத்தது.

கணிதத்தில் 50 நிமிடத்துக்கு 42, 43 நிமிடம் வேலை நடந்தது. பருவம் முடியும்போது பின்னடைவு ஒன்பதிலிருந்து மூன்று பிரிவேளையாகக் குறைந்திருந்தது. 2.35 சண்டைகள் நின்றுவிட்டன என்று சொல்ல மாட்டேன். தினமும் நடந்தது வாரத்துக்கு ஒன்று இரண்டு என்றானது.

அந்தப் பையன் மூன்றாவது நாளே கிளிப்பை நகர்த்தும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கேள்விகள் குறைந்தன. ஆனால் பதினோராவது வாரம் வெள்ளியன்று கணினி அறை பழுது. நான் படத்தை மாற்றவில்லை, வாயால் மட்டும் அறிவித்தேன். அரை மணி நேரம் மேஜைக்கு அடியில் இருந்தான். பட்டையை நம்பச் சொன்னதும் நான், அதைப் பொய்யாக்கியதும் நான். அதன் பின் 'மாற்றம்' என்று ஒரு மஞ்சள் அட்டை செய்தோம். எது மாறினாலும் அந்த இடத்தில் அது முதலில் ஒட்டப்படும், அப்புறம்தான் அறிவிப்பு. அதற்குப் பிறகு இரண்டு முறை நாள் மாறியது. இரண்டு முறையும் அவன் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இடத்துக்குப் போனான்.

சிறுமி ஓவிய நேரத்தில் இருந்த முதல் திங்களன்று, கடைசி மணி அடித்தும் எழவில்லை. வாசிப்பு ஆசிரியை வரும் நேரத்தில் கழிப்பறைக்குப் போவது இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டது. வாசிப்பு இன்னும் தடுமாறுகிறது. ஒரு பருவத்தில் அது சரியாகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. தட்டிக்கழிப்பது என்று நான் எழுதியிருந்த வரியை அவளுடைய கோப்பில் அடித்துவிட்டு, நடந்ததை எழுதி வைத்தேன்.

பருவ முடிவில் தலைமை ஆசிரியர் எழுத்து நோட்டுகளைப் பார்த்தார். அறிவிப்பாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த பருவமும் தொடரட்டும் என்று கையெழுத்திட்டார். சுயபடிப்பு ஏன் போனது என்று ஒரு பெற்றோர் கேட்டார், இப்போது வீட்டுப்பாடம் முழுக்க வீட்டில் செய்ய வேண்டியிருக்கிறதே என்று. அவர் சொன்னது சரி. அட்டவணையை மாற்றியபோதே வீட்டுப்பாடத்தின் அளவையும் நான் குறைத்திருக்க வேண்டும். பதின்மூன்றாவது வாரத்தில்தான் குறைத்தேன்.

மறுபடி செய்வதானால்

எல்லாவற்றையும் ஒரே திங்களன்று மாற்ற மாட்டேன். சண்டைகள் குறைந்தது இடைவேளையைத் திருப்பிக் கொடுத்ததாலா, கணிதம் காலைக்குப் போனதாலா, மதிய வாசிப்பாலா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதலில் இடைவேளையைத் திருப்பிக் கொடுப்பேன். அதற்குத் திட்டமோ அனுமதியோ தேவையில்லை, முதல் நாளே செய்யலாம். அதன் பின் வருகை வேலை, பத்து நாள் கழித்து மற்றவை.

ஆண்டின் முதல் அட்டவணையைத் தற்காலிகம் என்று சொல்லியே ஒட்டுவேன். இரண்டு வாரம் கடிகாரத்தைக் குறித்த பிறகுதான் நிலையானது. வகுப்பிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களைக் கட்டம் போடும் முன்பே சந்தித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த நேரத்தை எடுக்கக்கூடாது என்று பேசுவேன். எதை இழக்கிறாய் என்று அந்தச் சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை. ஐந்து பேரிடமும் நேரில் கேட்பேன்.

வருகை வேலையை ஒருபோதும் முடிக்காத மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். கேள்விகளைக் குறைப்பதா, அவர்களுக்கு வேறு கேள்வி தருவதா என்று சக ஆசிரியையுடன் பேசிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய், வியாழனில் எழுத்துக்கு நேரம் போதவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வரிசை மாறுவது பிள்ளைகளுக்கு இன்னும் பழகவில்லை. கணினி அறையை வேறு நேரத்துக்குக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை வெள்ளிக்கிழமைப் பட்டையில் அந்த இடத்தில் மஞ்சள் அட்டை இருக்கும்.